மவுஸுக்கு முந்தைய பூனைகள்

கேள்வி: கலைப் புகைப்படத்தில் ‘பரிசோதனை’ என்று பெரிதாகப் பேசுகிறார்களே, போட்டோஷாப் வந்த பிறகு எல்லாமே மவுஸ் வேலைதானே?

பதில்: மவுஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1948-ல், பூனைகளை வைத்து ஒருவர் அந்த வேலையைச் செய்திருக்கிறார். அவர் பெயர் பிலிப் ஹால்ஸ்மன். படத்தில் இருந்தவர் ஓவியர் சால்வடார் டாலி. எல்லாமே அந்தரத்தில் மிதக்க வேண்டும் என்பது யோசனை. ஈசலும் ஓவியமும் கம்பியில் தொங்கின. நாற்காலியைத் தூக்கிப் பிடித்தவர் ஹால்ஸ்மனின் மனைவி. (கலைஞனைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் உண்டு.) ‘மூன்று’ என்றதும் உதவியாளர்கள் மூன்று பூனைகளையும் ஒரு வாளித் தண்ணீரையும் வீசுவார்கள், ‘நான்கு’ என்றதும் டாலி எகிறிக் குதிப்பார். முதலில் பாலை ஊற்றலாம் என்றுதான் யோசித்தார்களாம். போர் முடிந்த பஞ்ச காலத்தில் ஊர் வாயில் விழ வேண்டாமே என்று தண்ணீருக்கு மாறினார்கள்.

ஒவ்வொரு தடவையும் ஹால்ஸ்மன் இருட்டறைக்கு ஓடி பிலிமைக் கழுவிப் பார்ப்பார். வெளியே ஈரத் தரையைத் துடைத்துவிட்டு, ஓடிப்போன பூனைகளைத் தேடிப் பிடிப்பார்கள். 28 தடவை! ஒன்றில் டாலி தாமதமாகக் குதித்தார். இன்னொன்றில் தண்ணீர் பூனையை விட்டுவிட்டு டாலியைக் குளிப்பாட்டியது.

உங்கள் கட்சிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு: கம்பிகளையும் தாங்கிய கைகளையும் பிறகு அழித்தார்கள். ஈசலில் இருக்கும் சித்திரத்தைக்கூட டாலி அப்புறம்தான் வரைந்து சேர்த்தார். ஆனால் குதித்ததும் நனைந்ததும் நிஜம். இன்று நீங்கள் முயன்றால் புளூ கிராஸ்காரர்கள் வருவதும் நிஜம்.