மஞ்சக்குப்பத்து விசில்

சிதம்பரம் கீழவீதியில் ஒரு டீக்கடை. ஏப்ரல், மே மாதங்களில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அங்கே டீ கேட்கக் கூடாது. மாஸ்டர் டிவியைப் பார்த்துக்கொண்டே ஆற்றுவார். பாதி கிளாஸில் விழும், பாதி நம் செருப்பில் விழும். அப்படி ஒரு ராத்திரி, ஜடேஜா தூக்கி அடித்த பந்தை பவுண்டரி ஓரத்தில் ஒருத்தன் பிடித்துவிட்டான். கடை முழுக்க விசில். என் அக்கா மகன் பெஞ்சு மேல் ஏறி நின்று இரண்டு விரலை வாயில் வைத்து ஊதுகிறான். கழுத்துவரை மஞ்சள் பனியன்.

"எதிர்க் கோஷ்டியாடா நீ?" என்று கேட்டேன்.

"ஏன் மாமா? நான் சிஎஸ்கேதான்."

"உங்க ஆளு அவுட்டுக்கு உனக்கு என்னடா கொண்டாட்டம்?"

"அவரு போனாத்தான மாமா தல தோனி வரும்."

பந்தியில் உட்கார்ந்த சொந்த அண்ணனுக்கு விக்கல் எடுத்தால், அடுத்த இலை நமக்கு என்று கைதட்டுகிற ஜாதி இது. ஜடேஜாவே 2023இல் இதைச் சிரித்தபடி சொல்லியிருக்கிறார்: நான் முன்னால் இறங்கினால், நான் எப்போது அவுட் ஆவேன் என்றுதான் ஜனம் காத்திருக்கும் என்று. சிரித்தார்தான். ஆனால் அதைச் சொல்லாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை, பாருங்கள்.

அந்த வருஷம் மே மாதம் அகமதாபாத்தில் இறுதி ஆட்டம். மழையில் ஒருநாள் தள்ளிப்போய், நள்ளிரவு தாண்டி இழுத்து, கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். அடித்தவர் ஜடேஜா, ஜாம்நகர்க்காரர். அன்றைக்கு எதிரணி குஜராத்துக்காக 47 பந்தில் 96 அடித்தவர் சாய் சுதர்சன், சென்னைப் பையன். எங்கள் டீக்கடையில் தமிழ் மானத்தைக் காப்பாற்றியவர் குஜராத்திக்காரர். அம்மா அக்கா வரைக்கும் திட்டு வாங்கியவர் தமிழ்ப் பையன். தினேஷ் கார்த்திக் பதினேழு சீசன் ஆடினார், ஆறு அணிக்கு ஆடினார், சொந்த ஊர் அணிக்கு மட்டும் ஒரு பந்து ஆடவில்லை. சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் பஞ்சாப் போனார், ஹைதராபாத் போனார், டெல்லி போனார். ஊர்க்காரனைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் கொடி பிடிக்கவில்லை. ஏலத்தில் எவனை வேண்டுமானாலும் எடுக்கட்டும், அது அவர்கள் காசு. ஏலத்தில் எடுத்த சரக்கின் மேல் ஊர்ப் பெயரை ஒட்டி, அதே ஊர்க்காரனிடம் 'இது உன் ரத்தம்' என்று விற்கிறார்களே, அந்த லேபிளைத்தான் சொல்கிறேன்.

2025 நவம்பரில் அதே ஜடேஜாவைச் சாம் கரணோடு சேர்த்து ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டார்கள். சந்தையில் மாடு மாற்றுகிறவன்கூட மாட்டின் முதுகை ஒருதரம் தடவிவிட்டுத்தான் கயிற்றைக் கொடுப்பான். டீக்கடையில் இரண்டு நாள் துக்கம். மூன்றாம் நாள் என் அக்கா மகன், "சேட்டன் வந்தா வேற லெவல் மாமா" என்றான். 'சின்ன தல' ரெய்னாவை 2022 ஏலத்தில் எவரும் எடுக்கவில்லை. வளர்த்த வீடும் கை தூக்கவில்லை. அப்போதும் இரண்டு நாள் துக்கம்தான். எழவு வீட்டுக்கே பதினாறு நாள் கணக்கு வைத்த ஊர் இது.

எங்கள் கடலூர் மாவட்டத்திலிருந்து சென்னைக்குப் போகிறவற்றை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். வீராணம் ஏரித் தண்ணீர், 2004இலிருந்து குழாயில் ஏறிப் போகிறது. நெய்வேலி கரண்ட் போகிறது. சேப்பாக்கம் விளக்குக் கம்பங்களில் அதுவும் கொஞ்சம் எரியத்தான் செய்யும். கடலூர் முதுநகர் மீன் விடிவதற்குள் போய்ச் சேர்கிறது. படித்த பிள்ளைகள் போகிறார்கள், பெரும்பாலும் திரும்புவதில்லை. அங்கிருந்து எங்களுக்கு வருவது மஞ்சள் பனியன். அதுவும் திருப்பூரில் தைத்தது.

அந்தச் சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியம். எங்கள் ஊர்ப் பெயர் என்று நினைக்கிற அப்பாவிகள் இங்கே உண்டு. அவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். அப்பா 1929இல் இந்த ஊரில் பல்கலைக்கழகம் வைத்தார். அது பணமுடையில் திணறி 2013இல் அரசாங்கத்தின் கைக்குப் போனது. மகன் பெயரில் இருக்கிற மைதானத்துக்கு அப்படி ஒரு கஷ்டமும் இல்லை. படிப்புக்கும் ஆட்டத்துக்கும் எங்கே காசு விளைகிறது என்பதை இந்த ஒரு குடும்பக் கதையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

காசைப் பற்றிப் பேசிவிடுவோம். 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷ ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஒரு மேட்சுக்கு ஏறக்குறைய 118 கோடி. மேட்சுக்கு 240 பந்து என்றால் ஒரு பந்து ஐம்பது லட்சத்தைத் தொடுகிறது. வைடு இலவசம். இதை விற்ற கிரிக்கெட் வாரியம் என்ன கம்பெனி என்று நினைக்கிறீர்கள்? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். எங்கள் தெரு முனை நற்பணி மன்றமும் அதே சட்டத்தின் கீழ்தான். நாங்கள் பொங்கலுக்குக் கோலப்போட்டி வைத்து எவர்சில்வர் தட்டு கொடுக்கிறோம்.

48,390 கோடிக்கு விற்றது பந்தையா, மட்டையையா? என் அக்கா மகனின் இரண்டு கண்ணை. அவனுக்கு அதில் ஒரு பைசா வராது. கேட்டால், விசுவாசத்துக்குக் கூலி கேட்பார்களா என்பான். சரி, கேட்க வேண்டாம். கட்டவாவது வேண்டாம் இல்லையா? பனியனுக்குக் கட்டினான், ரீசார்ஜுக்குக் கட்டினான். பதினொரு பேரைப் பொறுக்கிப் பணம் கட்டுகிற ஒரு செயலியில் தினமும் கட்டினான். ஒருநாள் அவன் போனை வாங்கிப் பார்த்தேன். சென்னைக்கும் மும்பைக்கும் மேட்ச். அவன் கட்டிய பதினொன்றில் கேப்டன் மும்பை ஆள்.

"என்னடா இது?"

"மாமா, மனசு சென்னைக்கு. அம்பது ரூபா மும்பைக்கு."

இந்தச் சூதை ஒழிக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதுவரைக்கும் அதே மாதிரி ஒரு செயலியின் பெயரைத்தான் இந்திய அணியே நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஆடியது. அவன் அம்மாவின் சங்கிலி அடகுக்கடையில் இருப்பது அந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய கதை. சட்டத்துக்கு முன்தேதி கிடையாது, சங்கிலி அங்கேயேதான் இருக்கிறது.

சூதும் இந்த வீட்டுக்குப் புதிதா என்ன? அணி நிர்வாகத்தில் இருந்தவர் பந்தயம் கட்டினார் என்ற குற்றத்துக்காக 2015 ஜூலையில் நீதிபதி லோதா குழு, சென்னையையும் ராஜஸ்தானையும் இரண்டு வருஷம் வெளியே உட்கார வைத்தது. தல புணே பனியன் மாட்டிக்கொண்டு போய் ஆடியது. ரசிகன் மஞ்சளைக் கழற்றவில்லை. அந்த இரண்டு வருஷத்துக்கு அவன் வைத்த பெயர் வனவாசம். கம்பன் பிறந்த தேரழுந்தூர் கொள்ளிடம் தாண்டினால் வந்துவிடுகிற தூரம்தான். இருந்தும் ராமன் எந்த வழக்கில் மாட்டிக் காட்டுக்குப் போனான் என்று ஒருவனும் கேட்கவில்லை.

வனவாசம் முடிந்து திரும்பிய 2018 ஏப்ரல்தான் என்னால் மறக்க முடியாதது.

அந்த பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய காவிரித் தண்ணீரை 177.25 டிஎம்சி என்று குறைத்தது. ஆறு வாரத்துக்குள் திட்டம் வகுக்கச் சொன்னது. ஆறு வாரம் போனது, மத்திய அரசு அசையவில்லை. மாநிலம் கொதித்தது. எங்கள் பக்கம் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் தஞ்சாவூர், கும்பகோணம் எல்லாம் குடித்து மீந்தால்தான் காட்டுமன்னார்கோயிலும் குமராட்சியும் சிதம்பரமும் பார்க்கும். நாற்றங்காலில் வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று விரலை விட்டுப் பார்க்கிறவர்கள் நாங்கள். ஏப்ரல் 10ஆம் தேதி சேப்பாக்கத்தில் மேட்ச். தெருவெல்லாம் போராட்டம், மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. உடனே மிச்ச மேட்சுகளைப் புணேவுக்கு மாற்றிவிட்டார்கள். 19ஆம் தேதி சென்னையிலிருந்து ஒரு தனி ரயில், விசில்போடு எக்ஸ்பிரஸ். ஏறக்குறைய ஆயிரம் பேர், மஞ்சள் பனியன், மேளதாளம்.

அதில் ஏறிய கடைமடைப் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். அவன் அப்பா அன்றைக்குச் சிதம்பரத்தில் மறியலில் உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் போலீஸ் வேன் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனது. மகனை ரயில் புணேவுக்குக் கொண்டுபோனது. இரண்டு பேருக்கும் மத்தியானம் பொட்டலச் சாப்பாடு.

தண்ணீர் கேட்கிறவன் கிரிக்கெட் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். பார்க்கட்டும். ஆனால் அதே வருஷம் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் ஷில்லாங்கில் இந்திய மகளிர் கால்பந்து லீக் நடந்துகொண்டிருந்தது. நாடு முழுக்கச் சலித்தெடுத்த ஏழு அணி. அதில் ஒன்று கடலூரிலிருந்து போன இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி. 2004 சுனாமிக்குப் பிறகு, பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பயிற்சியாளர் மாரியப்பன் வளர்த்த கூட்டம். அந்த பிப்ரவரியில்தான் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று சாய்த்துத் தமிழ்நாடு முதன்முதலாகத் தேசிய மகளிர் பட்டத்தை எடுத்திருந்தது. மகளிர் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது என்றால் என்ன என்று விஷயம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

ஷில்லாங்குக்கு எத்தனை ரயில் போனது? எத்தனை டீக்கடையில் விசில்? ஊர்ப் பெயரோடு ஓர் அணி நாட்டின் மறுகோடியில் ஆடுகிறது; கடலூர் அந்த நாட்களில் சென்னைப் பெயர் வைத்த அணியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர். தமிழகக் காவல் துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் சென்னையில் வண்டிகளை மறித்துக்கொண்டு வெயிலில் நின்றார். மாஸ்க் இல்லாமல் மஞ்சள் பனியனில் போன எத்தனை பேர் அவரிடம் மாட்டினார்களோ! ஆட்டோகிராஃப் கேட்டிருக்க மாட்டார்கள். அபராத ரசீதில் அவர் போட்ட கையெழுத்தை வைத்திருக்கிறவன் எவனாவது இருந்தால் பத்திரப்படுத்திக்கொள்ளட்டும்.

அமெரிக்காவிலும் இப்போது விசுவாசம் பற்றிப் பெரிய ஒப்பாரி. அங்கே கல்லூரிக் கால்பந்து என்றால் லட்சம் பேர் உட்காருகிற மைதானங்கள். (பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.) 2021இலிருந்து மாணவன் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒத்துக்கொண்ட ஏற்பாட்டின்படி ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகவே வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் பங்கு கொடுக்கலாம். அதிகம் கொடுக்கிற கல்லூரிக்குப் பையன் மாறிவிடுகிறான், பழைய மாணவர்கள் 'விசுவாசம் செத்துவிட்டது' என்று மாரடிக்கிறார்கள். அதற்கு முன்னால் பயிற்சியாளர் கோடி கோடியாக வாங்கினார், டிவிக்காரன் வாரினான், ஆடுகிற பையனுக்கு படிப்புச் செலவும் தங்க இடமும். அப்போதெல்லாம் விசுவாசம் கொழுகொழு என்று உயிரோடு இருந்ததாம். வேலைக்காரன் கூலி கேட்கிற நிமிஷத்தில்தான் எஜமான் வீட்டில் இந்த வார்த்தைக்கே ஞாபகம் வரும்.

அதனால் ஜடேஜா மேலோ சாம்சன் மேலோ எனக்குக் கோபம் இல்லை. உழைக்கிறார்கள், வாங்குகிறார்கள். 2008இல் ஒன்பது கோடி டாலருக்கு மேல் கொடுத்து அணியை வாங்கிய சிமெண்ட் கம்பெனி மேல்கூட இல்லை. வியாபாரி வியாபாரம் செய்தார். என் கோபம் பெஞ்சு மேல் நிற்கிறவன் மேல். அவனுக்கு விசில் கற்றுக்கொடுத்தது நான்தான்; 2010இல் முதல் கோப்பை ஜெயித்த ராத்திரி, இதே கடையில், தோளில் தூக்கி வைத்துக்கொண்டு. அதனால் கோபத்தில் பாதி எனக்கும் சேரும்.

போன மாதம் ஒரு வேலையாகக் கடலூர் மஞ்சக்குப்பம் போனேன். அண்ணா விளையாட்டரங்கத்தில் பெண் பிள்ளைகள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு பூட்ஸ் ஒரு நம்பர் பெரிது. முன்னால் துணி அடைத்திருந்தாள், ஓடும்போது குதிகால் கழன்று கழன்று வந்தது. அப்படியே இரண்டு பேரைத் தாண்டி இடது காலால் அடித்தாள். வலை கிழிந்திருந்ததால் பந்து உள்ளே போய் அந்தப்பக்கமாக வெளியே வந்து, சுண்டல்காரர் சைக்கிளில் முட்டி நின்றது. அவர் பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். யாரைப் பார்த்து என்று அவளுக்கு முதலில் புரியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணி. வாசலில் என்னிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. மஞ்சள் பனியனோடே வரலாம், மஞ்சக்குப்பம்தானே.