ஆள் பார்க்கப் போன காலம்

பெண் பார்க்கப் போனதைப் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பந்து போடுகிறவனைப் பார்க்கப் போனதைப் பற்றி எழுத, எனக்குத் தெரிந்து ஆய்க்குடியில் நான் ஒருவன்தான் மிச்சம். எங்கள் டீமில் மட்டை பிடித்தால் முதல் பந்திலேயே திரும்பி வருவேன், பந்து போட்டால் வைடு, கேட்ச் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். ஆனாலும் என்னை விலக்கிவிட முடியாதபடி ஒரு சைக்கிள் வைத்திருந்தேன். சைக்கிள் இருந்ததால் வெளியூருக்குப் போய் ஆள் பார்த்துவரும் வேலை என் தலையில் விழுந்தது, ரெண்டு பொங்கல் கழிவதற்குள் அதுதான் என் பிறவித் திறமை என்று நானே நம்பவும் தொடங்கிவிட்டேன்.

பொங்கல் டோர்னமெண்டில் ஒரு டீமுக்கு இரண்டு வெளியூர் ஆட்கள் வரை சேர்த்துக்கொள்ளலாம். அந்த இரண்டு பேருக்காகக் கார்த்திகை பிறந்ததிலிருந்து சாம்பவர்வடகரை, சுரண்டை, சுந்தரபாண்டியபுரம், இலஞ்சி, செங்கோட்டை என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் மிதிப்பேன். போனதும் மைதானத்துக்குப் போகக் கூடாது. அது அனுபவமில்லாதவன் செய்கிற காரியம். முதலில் டீக்கடை. ஒரு டீயும் ரெண்டு வாழைக்காய் பஜ்ஜியும் சொல்லிவிட்டு, பையன் எப்படி, குணம் எப்படி, மேட்ச் அன்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வருவானா, அம்பயரை அடிப்பானா என்று, மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கிற தாய்மாமன் மாதிரி மெல்லக் கேட்கவேண்டும். டீக்கடைக்காரர் ஒரு நிமிஷம் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, “நல்ல பயதான்...” என்று இழுத்தால், அந்த இழுவையில் எல்லாம் இருக்கும். அதன் பிறகுதான் ஏதோ அந்த வழியாகப் போகிறவனைப்போல மைதானத்தோரம் சைக்கிளைச் சாய்ப்பேன்.

என்னிடம் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. மேலே பிள்ளையார் சுழி, கீழே பெயர், ஊர், கை, கால், வாய் என்று கட்டம். ‘கை நன்று, கால் சுமார், வாய் அதிகம்’ என்று ஒரு செங்கோட்டைப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறேன். மதிப்பெண் மூன்றே வகை: பாஸ், ஃபெயில், பார்க்கலாம். நம் ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பல வருஷம் கழித்து, அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்துக்குப் பையன்களைப் பார்த்துவர இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அடிப்பது, தூக்கியடிப்பது, ஓடுவது, எறிவது, பிடிப்பது என்று ஐந்துக்கும் 20-லிருந்து 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள், நடுத்தரம் என்றால் 50 என்று படித்தபோது, என் நோட்டை எடுத்து ஒருமுறை தடவிக்கொடுத்தேன். அதைவிட ஆறுதல், அவர்களும் பையனின் முகவெட்டைப் பார்த்தார்களாம். நல்ல முகம் என்று அதற்கு ஒரு தனி மதிப்பே வைத்திருந்ததை மைக்கேல் லூயிஸ் ‘மணிபால்’ புத்தகத்தில் கிண்டலாக எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்தின் நாயகன் பில்லி பீன் 1980-ல் அப்படி முகமும் உடம்பும் பார்த்து முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டு, ஆட்டத்தில் சோபிக்காமல் போனவர். பிற்பாடு முகத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள் என்று சொல்லிப் பேர் வாங்கியதும் அவரேதான்.

நானும் முகம் பார்த்தவன்தான், ஆனால் என் குரு பீன் இல்லை, என் தாத்தா. மாட்டுத்தாவணியில் காளையின் சுழியைப் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, குளம்பைத் தட்டிப் பார்த்து, கடைசியில் தரகரும் அவரும் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து, சுற்றி நிற்கிற ஒருத்தருக்கும் தெரியாமல் விலை பேசுவார்கள். முகத்தில் ஒரு சலனம் இருக்காது, துண்டு மட்டும் அசையும். இப்போது ஏலம் என்றால் டிவியில், பளிச்சென்ற விளக்கில், கையில் அட்டையைத் தூக்கிக்கொண்டு. 2008-ல் ஐபிஎல் முதல் ஏலத்தைத் தாத்தா உயிரோடிருந்து பார்த்திருந்தால், விலையை இப்படி ஊரறியக் கூவுகிறவர்கள் எப்படி உருப்படுவார்கள் என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துபோயிருப்பார். ஆனால் அவர் துண்டுக்குள் நடந்திருக்கவே முடியாத வேடிக்கையெல்லாம் வெளிச்சத்தில் நடக்கிறது. 2016-ல் தொடங்கிய நம் தமிழ்நாட்டு லீக் டிஎன்பிஎல், 2023-ல்தான் முதல்முறையாக ஏலம் வைத்தது. அதில் சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 லட்சத்துக்கு எடுத்தபோது, உலகமே பார்க்கிற ஐபிஎல்லில் குஜராத் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம். டவுனைவிடக் கிராமத்துச் சந்தையில் காளை அதிக விலைக்குப் போனால் தாத்தா சிரித்திருப்பார், அந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் நோட்டுக்கு வருகிறேன். 1988 மார்கழியில் ஒரு ஞாயிறு, சாம்பவர்வடகரைப் பக்கம் ஒரு இடதுகைப் பையனைப் பார்த்தேன். அம்மா பீடி சுற்றுகிறவர், சுற்றிய கட்டுகளைச் சைக்கிளில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரும் வழியில் இவன் மைதானத்தில் இறங்குவான். கைலியை மடித்துக் கட்டியிருந்தான், செருப்பு பீடித் தட்டோடு சைக்கிளில் கிடந்தது. அஞ்சே எட்டு வைத்து வந்து போட்டான். அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் கபில்தேவ்தான் தெய்வம்; கோவில் தெற்குவாசலிலிருந்து ஓடிவந்து வடக்குவாசலில் பந்து விடுகிறவன்தான் வேகப்பந்து வீச்சாளன். அஞ்சு எட்டில் என்ன வேகம் வந்துவிடும்? விரல்களை மட்டும் கவனித்தேன். பந்தை விடுகிற கடைசி நொடியில், பீடி இலையின் நுனியை மடிக்கிற மாதிரி ஆள்காட்டி விரலை ஒரு மடக்கு மடக்கினான். பார்க்க வேடிக்கையாக இருந்தது. அதை நோட்டில் எழுதக்கூட இல்லை. எழுதியது இவ்வளவுதான்: ‘கை பரவாயில்லை, கால் கட்டை, கைலி. பார்க்கலாம்.’

அவனுக்குப் பதிலாக, டோர்னமெண்டுக்குப் பந்து வாங்கிக் கொடுத்த ஒரு பெரியவரின் மருமகனைச் சேர்த்துக்கொண்டோம், சிபாரிசு. இது நம் நாட்டுப் பழக்கம் என்று நொந்துகொள்ளாதீர்கள். அதே 1988-ல் அமெரிக்காவில் மைக் பியாசா என்ற பையனை 62-வது சுற்றில், 1,390-வது ஆளாக, டாட்ஜர்ஸ் அணி எடுத்தது. எடுத்த காரணம், அந்த அணியின் மேலாளர் டாமி லசோர்டா பையனுடைய அப்பாவின் சிநேகிதர். அந்தச் சிபாரிசுப் பையன் 2016-ல் பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் ஏறினான். எங்கள் சிபாரிசு மூன்று கேட்ச் விட்டது. அரையிறுதியில் எங்களைச் சுருட்டியவன் யார் என்றால், எதிர் டீம்காரர்கள் கூட்டிவந்திருந்த அந்தக் கைலிப் பையன், அன்றைக்கு மட்டும் யாரிடமோ கடன் வாங்கிய கால்சட்டையில். பந்து உள்ளே வருவதுபோல வந்து விலகும். அஞ்சு விக்கெட்டோ ஆறோ. நான் அஞ்சுக்கு மேல் எண்ணவில்லை.

தோற்றால் எங்களுக்குப் போக்கிடம் அனுமன் நதிப் படித்துறை. சிறுபிள்ளையில் அந்தப் படியில்தான் எல்லாரும் பழகினோம். முருகன் கோவிலில் பிள்ளைவரம் வேண்டிக்கொண்டவர்கள் படியிலேயே பாயாசத்தை ஊற்றுவார்கள், நாங்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் வழித்துச் சாப்பிடுவோம். யார் பக்கத்தில் எவன் உட்கார்ந்தால் பங்கு குறையும் என்று அப்போதே ஆள் கணக்குப் போட்டவன் நான். அன்று ராத்திரி அந்தப் படியில் உட்கார்ந்து, “ஏலே, நீ அவனைப் பாத்தேல்லா? பாத்துட்டும் விட்டுட்டு வந்தியாலே?” என்று கேப்டன் கேட்டதும், பனியில் எனக்கு வேர்த்ததும், நேற்று நடந்ததுபோல இருக்கிறது.

இதே விளையாட்டு, சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் வேறு மாதிரி முடிந்தது. டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்த நடராஜனை ஜெயப்பிரகாஷ் என்ற ஊர்க்காரர் கண்டுகொண்டார், விடாமல் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினார். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சத்தில் தொடங்கிய நடராஜன் 3 கோடியில் நின்றார். பிற்பாடு அவர் சட்டையின் முதுகில் தன் பெயருக்கு முன்னால் ‘ஜேபி’ என்று போட்டுக்கொண்டதைப் பார்த்தபோது, ஆள் பார்க்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது. கூடவே, சாம்பவர்வடகரையிலிருந்து எந்தச் சட்டையிலும் என் எழுத்து வரப்போவதில்லை என்பதும்.

ஆய்க்குடிக்காரனான நான் ஆள் தேர்வைப் பற்றி இத்தனை மமதையோடு திரிந்தது இன்னொரு காரணத்தாலும் வேடிக்கை. எங்கள் ஊர் எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரிக்கான உடல் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் இங்கேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பெயர்கூடத் தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலுடையது. 2020-ல் பத்மஸ்ரீ. நான் நோட்டும் கையுமாகப் பையன்களின் காலைப் பார்த்துத் திரிந்த நாட்களில், அந்த வாசலைத் தாண்டித்தான் சைக்கிளில் போவேன். பையன் ஒருத்தனைக் ‘கால் கட்டை’ என்று எழுதிவிட்டுத் திரும்பி வந்ததும் அதே வழிதான். இருபது வயதில் எதுவும் உறைக்காது.

கைலிப் பையனை விட்டதைவிடப் பெரிய கோட்டை ஒன்று விட்டிருக்கிறேன். மைதானத்தை ஒட்டி ஒரு வீடு, அதன் தட்டட்டியில் எங்கள் பந்து விழாத நாளில்லை. அந்த வீட்டுப் பெண்பிள்ளை வடகம் காயவைத்திருப்பாள், வடகத்தில் பந்து விழுந்ததும் எங்களை ஏழு தலைமுறைக்கும் சேர்த்து வைதுகொண்டே எடுத்து எறிவாள். அறுபது அடி இருக்கும், கொஞ்சம்கூட வளையாமல் வந்து நேராக விக்கெட் கீப்பர் கையில் விழும், சில நாள் ஸ்டம்பிலேயே விழும். நாங்கள் வசவுக்குச் சிரித்தோம். ‘கண்ணு’ என்று பட்டப்பெயர் வாங்கிய நான், வாரம் ஒருமுறை சைக்கிள் மிதித்துச் சுரண்டைக்குப் போய்த் தேடிய எறி, என் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. என் நாற்பது பக்கத்தில் ஒரு பெண்பெயர் கிடையாது. 2024 டிசம்பரில் பெண்கள் கிரிக்கெட் ஏலத்தில் மதுரை ஜி. கமலினியை, 16 வயதில், மும்பை 1.6 கோடிக்கு எடுத்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த வடகம்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது யாரும் சைக்கிள் மிதிப்பதில்லை. பையன் தானே தன் பந்துவீச்சைப் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் ரஹ்மான் பாட்டும் சேர்த்து, உலகத்துக்கே அனுப்பிவிடுகிறான். பொங்கல் டோர்னமெண்டில்கூடக் கிரிக்ஹீரோஸ் செயலியில் பந்துக்குப் பந்து கணக்கு ஏறுகிறது. அஞ்சா ஆறா என்று யாரும் மறைக்க முடியாது. வேகத்தை அளக்கத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அது என்ன செய்யும் என்பதற்கு 2008-ல் ஒரு கூத்து நடந்தது: ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று இந்தியாவில் போட்டி வைத்து, பேஸ்பாலே பார்த்திராத பையன்களை எறியச் சொன்னார்கள். உத்தரப்பிரதேசத்து ஈட்டி எறிகிறவன் ரிங்கு சிங், 87 மைல் வேகத்தில், நம் கணக்கில் 140 கிலோமீட்டர், எறிந்து ஒரு லட்சம் டாலர் வென்றான். அவனையும் தினேஷ் படேலையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. பெரிய ஆட்டத்துக்கு இருவரும் போய்ச்சேரவில்லை. ரிங்கு கடைசியில் டிவி மல்யுத்தத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு இறங்கினான். துப்பாக்கிக்கு வேகம் தெரியும், அவ்வளவுதான். இந்தக் கதையைப் படமாக எடுத்தபோது ரஹ்மான்தான் இசை. அதில் ஒரு கிழவர் கண்ணைத் தொப்பியால் மூடிக்கொண்டு, கையுறையில் பந்து விழும் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்வார். படத்தில் எனக்குப் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

போன பொங்கலுக்கு மைதானத்துக்குப் போனேன். சுந்தரபாண்டியபுரம் பக்கத்தில் சூரியகாந்தி பூக்கும் காலத்தில் பூவோடு படம் எடுத்துக்கொள்ளக் கேரளாவிலிருந்து கார் காராக வருகிறார்கள். எங்கள் பந்துகள் தொலைந்த காடுதான் அது. மைதானத்தோரம், தலை நரைத்து, கைலி கட்டி ஒருவர். பார்த்ததும் தெரிந்தது, விரலைப் பார்த்து. “நீங்க அந்த நோட்டு வச்சிருந்த அண்ணாச்சிதான?” என்றார். நோட்டைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போதுதான் யோசித்தேன். டீக்கடைக்காரர் எனக்குச் சொன்னதைப்போல அவருக்கும் சொல்லியிருப்பார்தானே. “அன்னைக்கு ‘பார்க்கலாம்’னு எழுதினீகளாம்ல” என்று சிரித்தார். சுரண்டையில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறாராம். மாவை வீசுகிறபோது அந்த விரல் மடங்குமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

ரெண்டு பேரும் பழைய இடத்தில், பந்து போடுகிறவனுக்கு நேர் பின்னால், கல்லுக்கால் பக்கம் போய் நின்றோம். ஒரு ஒல்லிப் பையன் ஓடிவந்துகொண்டிருந்தான்.

“தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கேமரா மறைக்கி.”

தள்ளி நின்றோம். அங்கேயிருந்து பந்து தெரியவில்லை. சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்றவர் மெல்ல, “உள்ள வந்து வெளிய போயிருக்கு அண்ணாச்சி” என்றார்.