கேட்டால்தான் சொல்லும் கிட்னி

கிட்னி கெட்டால் முதலில் எங்கே வலிக்கும்? (மதுரை)

எங்கேயும் வலிக்காது. அதனால்தான் இந்த நோயைக் கண்டு எனக்குப் பயம். இடுப்பைப் பிடித்தால் பெரும்பாலும் தசை. சுருட்டி இழுத்தால் கல். நாள்பட்ட சிறுநீரக நோயோ வருடக்கணக்கில் சத்தமே போடாது.

அம்மாவுக்கு 62 வயது. கிரியேட்டினின் 1.2. லேப்பில் நார்மல் என்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா? (கரூர்)

கூடாது. அதே 1.2, 25 வயது இளைஞருக்கு இருந்தால் அவருடைய இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது வடிகட்டும் திறன், ஏறக்குறைய 86. உங்கள் அம்மாவுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 51தான் வருகிறது! கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த உடம்பில் அந்த எண் நல்ல பிள்ளையாகவே தெரியும். இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே 3 மாதம் நீடித்தால் அது நோய். இ.ஜி.எஃப்.ஆரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தையும் பாருங்கள். ரத்தச் சோதனை காட்டாத கசிவை அது முன்கூட்டியே காட்டிவிடும்.

சிறுநீர் நுரைக்கிறது. பயப்படவா? (திண்டுக்கல்)

வேகமாகப் போனால் யாருக்கும் நுரைக்கும், அடங்கிவிடும். சோப்புத் தண்ணீர் போல அடங்காமல் நின்று, தினமும் அப்படியே என்றால் சோதனைக்குப் போங்கள்.

சுகர் இல்லை, பிரஷர் இல்லை. எனக்கெதற்கு சோதனை? (தஞ்சாவூர்)

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990-களிலிருந்து நெல் விவசாயிகள் பலரைக் கிட்னி நோய் பிடித்தது. அவர்களில் பலருக்கு இரண்டுமே கிடையாது. வெயிலில் உழைப்பவரா? மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நீங்களே மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவரா? வீட்டில் யாருக்காவது இந்த நோய் உண்டா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் பாருங்கள்.

வாழைத்தண்டு ஜூஸ் கிட்னியைக் கழுவுமா? (சேலம்)

தினமும் சுமார் 180 லிட்டரை வடிகட்டி நம்மைக் கழுவுவதே கிட்னிதான். நோய் முற்றியவர் டாக்டரைக் கேட்காமல் எந்தச் சாறும் குடிக்க வேண்டாம். சாற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுபோகலாம்.

அப்பா ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறார். 'வயசாச்சுப்பா' என்கிறார். (நாகர்கோவில்)

ப்ராஸ்டேட்டாக இருக்கலாம், சுகராக இருக்கலாம், கிட்னியாகவும் இருக்கலாம். காலையில் கண் இமை உப்புகிறதா, சாயங்காலம் செருப்பு இறுகுகிறதா என்று கவனியுங்கள். இந்த வாரமே கூட்டிப்போங்கள். பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்; போன வருடத்து எண் இருந்தால்தான் டாக்டருக்கு இறக்கம் தெரியும்.