ஷாங்காயில் கடைசி மாலையைப் பாழாக்குவது எப்படி?

பத்து நாள் ஷாங்காயில் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறவருக்குக் கடைசி மாலை என்று ஒன்று வரும். அதை நிம்மதியாகக் கழித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. கெடுப்பதென்று ஆனபின் முறைப்படி கெடுப்பதே நல்லது.

மாலை நாலு மணிக்குப் பெட்டியைத் திறங்கள். கட்டி முடித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பதையெல்லாம் கட்டில்மேல் பரப்பிப் போட்டுவிட்டு, நடுவில் உட்கார்ந்து, ஊரில் யார் யாருக்கு எதுவும் வாங்கவில்லை என்று எண்ணத் தொடங்குங்கள். பெரியப்பா, எதிர்வீட்டு மாமி, அலுவலகத்தில் 14 பேர். பத்து நாளாக எட்டிப் பார்க்காத இவர்கள் சரியாக இப்போதுதான் வரிசையில் வந்து நிற்பார்கள்.

இத்தனை பேருக்கும் ஒரே மருந்து, வெள்ளை முயல் மிட்டாய். ஷாங்காயின் பால் மிட்டாய். 1972-ல் நிக்சன் வந்தபோது சீனப் பிரதமர் சூ என்லாய் இதைக் கொடுத்து உபசரித்ததாகச் சொல்வார்கள். அமெரிக்க அதிபருக்குப் போதுமென்றால் அலுவலகத்துக்கும் போதும். மேல்தாளை உரித்ததும் உள்ளே கண்ணாடிபோல் மெல்லிசாக இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் உரிக்க வேண்டும் என்று நினைத்து, முதல் நாள் விடுதி அறையில் நகத்தால் கால்மணி நேரம் சுரண்டியவன் நான். அது தின்கிற தாள். நாக்கில் பட்டதும் கரைந்துவிடும். மூன்று கிலோ வாங்கிப் பெட்டியில் அடுக்கிய பிறகு, பொட்டலத்தின் பின்பக்கத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் பாருங்கள். ஜெலட்டின் என்று வரும். வெங்காயம்கூடச் சேர்க்காத எதிர்வீட்டு மாமியின் கணக்கு மறுபடி பாக்கி.

ஆகவே கடைவீதியான நான்ஜிங் சாலைக்குப் போங்கள். அங்கே இரண்டு இளைஞர்கள் வந்து, படம் எடுத்துத் தர முடியுமா என்று அழகான ஆங்கிலத்தில் கேட்பார்கள். அப்படியே பேச்சு வளர்ந்து, பக்கத்தில் தேநீர் விழா நடக்கிறது, வாருங்கள் என்பார்கள். சுண்டுவிரல் உயரக் கிண்ணங்களில் ஆறு வகைத் தேநீர். பில் வரும்போது, அந்தப் பணத்துக்கு நம் ஊரில் ஒரு டீக்கடையே வைத்திருக்கலாம் என்று தெரியும். இந்த வித்தைக்குப் பல வருட வயது, வழிகாட்டிப் புத்தகங்களிலெல்லாம் எச்சரிக்கையாகவே அச்சாகியிருக்கிறது. இருந்தாலும் கடைசி மாலையில் நமக்கு எல்லோருமே நல்லவர்களாகத் தெரிவார்கள்.

இதற்குள் கைபேசியில் சார்ஜ் ஒன்பது சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் இருபது படம் எடுங்கள். இந்த ஊரில் பணப்பை, பயணச்சீட்டு, வரைபடம், வாய் எல்லாமே அதுதான். கடைக்குக் கடை வாடகைக்குப் பவர் பேங்க் பெட்டி வைத்திருக்கிறார்களே என்பீர்கள். உண்மை. ஆனால் அதில் ஒன்றை உருவ, முதலில் கைபேசியால் அதன் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். செத்த கைபேசிக்கு உயிர் கொடுக்க உயிருள்ள கைபேசி தேவை.

அடுத்தது பண்ட். ஹுவாங்பு ஆற்றின் மேற்குக் கரையில் ஒன்றரை கிலோமீட்டருக்கு வங்கி, சுங்க மாளிகை என்று வெள்ளைக்காரர் காலத்துக் கல் கட்டடங்கள். எதிர்க்கரையில் 632 மீட்டர் ஷாங்காய் டவரும் அதன் இரண்டு கூட்டாளிகளும். உள்ளூர்க்காரர்களுக்கு அவை மூன்றும் சமையலறைச் சாமான்கள்: முட்டை அடிக்கும் கரண்டி, பாட்டில் திறப்பான், ஊசிக்குழல். ஊசிக்குழலுக்குச் சமையலறையில் என்ன வேலை என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. இரவு பத்து மணி வாக்கில் விளக்கை அணைத்துவிடுவார்கள். நீங்கள் பத்து அடித்து இரண்டு நிமிடத்துக்குப் போய்ச் சேர்வதுபோலப் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்னாலேயே போய்த் தொலைத்தீர்களானால், நூறு யுவானுக்கு மேல் கொடுத்து உல்லாசப் படகு ஏறுங்கள். தப்பித்தவறி இரண்டு யுவான் படகுத்துறைப் பக்கம் போய்விடாதீர்கள். அதே ஆறு, அதே வெளிச்சம். மின்சார ஸ்கூட்டரோடு வேலை முடித்து வீடு திரும்புகிறவர்கள் பக்கத்தில் நிற்பார்கள். யாரும் வெளியே பார்க்க மாட்டார்கள். நீங்கள் ஒருவர்தான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பீர்கள். மாலை கெடாமல் போய்விடுகிற அபாயம் அதில் இருக்கிறது.

மெட்ரோவில் திரும்பும்போது நாளைய விமானம் எங்கிருந்து என்று ஒருமுறை பாருங்கள். இங்கே விமான நிலையம் இரண்டு. புதோங் கிழக்கே கடலோரம், ஹோங்சியாவ் மேற்கே. நடுவில் ஐம்பது கிலோமீட்டர் தூரம். நகரத்தாரின் கருணை, இரண்டையும் ஒரே இரண்டாம் எண் தடத்தில் கோத்திருக்கிறார்கள். எந்த வண்டியில் ஏறினாலும் ஏதோ ஒரு விமான நிலையத்துக்குப் போய்விடலாம்.

கடைசியாகச் சாப்பாடு. பன்றி இறைச்சி ஆகாதவர்கள் நேரே பெட்டிக்குத் திரும்பலாம். மற்றவர்கள் தங்கும் சந்தின் முனைக்கடையில் ஷெங்ஜியான் வாங்குங்கள். அகலமான இரும்புத் தட்டில் எண்ணெய் விட்டு வரிசையாக அடுக்கி, மரமூடி போட்டு, அடிப்பாகம் மொறுமொறுவென்று சிவக்க எடுக்கிற உருண்டை. மேலே கறுப்பு எள்ளும் வெங்காயத்தாளும். கணக்கு லியாங்கில்: ஒரு லியாங் என்றால் நாலு. உள்ளே வைத்த இறைச்சிக் கூழ் சூட்டில் உருகி ரசமாகக் கொதித்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் சின்னதாகக் கடித்து ரசத்தை உறிஞ்சிவிட்டுத்தான் மிச்சத்தைத் தொட வேண்டும். பத்து நாளும் அப்படித்தான் தின்றிருப்பீர்கள். இன்றைக்கு அவசரம், நடுவில் கடியுங்கள். நாளைக்கென்று வைத்திருந்த ஒரே வெளுத்த சட்டையில் அது நேர்கோடாகப் பாயும்.

கடைக்கார அம்மாவை இங்கே எல்லோரும் ஆயி என்கிறார்கள். சித்தி, அத்தை மாதிரி. நம் ஆயிக்கும் இதற்கும் உறவில்லை என்றாலும் கூப்பிடக் கூச்சமே வராது. பத்து நாளாக என்னைப் பார்த்ததும் கேட்காமலே ஒரு லியாங் எடுத்து வைப்பார். நாளை ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல நினைத்தேன். மெட்ரோ வாயிலைத் தாண்டிய கையோடு கைபேசி உயிரை விட்டிருந்தது. சொல்லவும் வழியில்லை, காசு கொடுக்கவும் வழியில்லை. பாஸ்போர்ட்டுக்குள் ஒரு 50 யுவான் நோட்டு கிடந்தது. ஆயி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒட்டுநாடா, ரப்பர் வளையம், யாருடையதோ சாவி. சில்லறை இல்லை.

இழுப்பறையை மூடிவிட்டு இடுக்கியை எடுத்தார். நாலு, எட்டு, பன்னிரண்டு. நான் கையை ஆட்டி ஆட்டி நிறுத்தச் சொல்ல, பதினாறில்தான் நின்றார். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் உறையைப் பெட்டியில் வைக்காதீர்கள், முயல்மேல் எண்ணெய் இறங்கிவிடும். சந்துத் திண்ணையில் உட்கார்ந்து அங்கேயே தின்றுவிடுங்கள். சட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம், அதுதான் ஏற்கெனவே போய்விட்டதே.