மருமவனே, ரவுட்டர்ல கை வைக்கப் போறியாக்கும்?

வா மருமவனே, இப்படி உக்காரு. ரவுட்டருக்கு ஃபர்ம்வேர் கட்டுற ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு வேலை பாக்கப் போறியாமே, அதுவும் சம்பளமில்லாம! உங்க அம்மை தெருப்பூராம் சொல்லிட்டா. எனக்கு அதெல்லாம் எங்க தெரியும், வயக்காட்டுல கெடந்த பய. காதுல விழுந்ததை வச்சுச் சொல்லுதேன். மாமன் சொல்லுதபடி செஞ்சேன்னா ஒரே மாசத்துல பேரு வாங்கிரலாம். என்ன பேருன்னு மட்டும் கேக்காத.

மொதல்ல, பழைய கதை எதையும் தெரிஞ்சுக்கிடாத. தெரிஞ்சா அடக்கம் வந்துரும். 2002 கடைசியில லிங்க்சிஸ்காரன் டபிள்யூஆர்டி54ஜின்னு நீலமும் கருப்புமா ஒரு பெட்டி வித்தான். உள்ள ஓடுனது லினக்ஸ். அடுத்த வருசமே நாலு பேரு தோண்டிக் கண்டுபிடிச்சு, ஜிபிஎல் உரிமம்படி சோர்ஸ் கோடைக் குடுன்னு மல்லுக்கு நின்னாக. கம்பெனி குடுத்துச்சு. அதை வச்சு 2004-ல ஆரம்பிச்சதுதான் நீ சேரப்போற இடம். சட்டம் பேசி வாங்குன சொத்துன்னு தெரிஞ்சா நீயும் பொறுப்பா நடக்க ஆரம்பிச்சிருவே. எதுக்கு வம்பு?

அடுத்தது பில்டு. எழுதி வச்சிருக்கிற குறிப்பு எதையும் படிக்காத. சாதா யூசரா ஓட்டுன்னு சொல்லுவாக. நீ ராஜா வீட்டுப் பிள்ளை, ரூட்டாவே ஓட்டு. மெனுகான்ஃபிக்ல கண்ணுல பட்டதுக்கெல்லாம் ஸ்டார் போடு. பெட்டிக்கு மொத்தமே 16 எம்பி ஃபிளாஷ்தான்னு எவனாவது சொன்னா, ஹார்டுவேர் சரியில்லன்னுரு. பில்டு, கம்பைலரையே மொதல்ல கட்டிட்டுத்தான் மத்ததைக் கட்டும். மணிக்கணக்கா ஓடி எர்ரர்ல நிக்கும். 'மேக் -ஜே1 வி=எஸ்'னு ஒத்தை வரிசையில, விவரமா பேசவிட்டு ஓட்டுனா எங்க முட்டுதுன்னு தெரியும். அதெல்லாம் பொழைக்கத் தெரியாதவன் பாக்குற வேலை. நீ கடைசி ரெண்டு வரியைப் போட்டோ எடுத்து அனுப்பி, 'ஒர்க் ஆகல, அவசரம்'னு எழுது.

ஆனா உனக்கு ஆசை அதுல இல்ல, எனக்குத் தெரியும். புது ரவுட்டருக்கு சப்போர்ட் சேக்கணும், அதுல உன் பேரு வரணும். பேஷ். பெட்டியைப் பிரிச்ச கையோட புது ஃபர்ம்வேரை ஏத்திரு. பழைய ஃபிளாஷை முழுசா நகலெடுத்து வையின்னு பயந்தவனுக சொல்லுவானுக. அதுல ஒரு ஓரத்துல, அந்த ஒத்தைப் பெட்டிக்குன்னே ஃபேக்டரியில அளந்து எழுதுன வைஃபை காலிபிரேஷன் கணக்கும் மேக் அட்ரஸும் இருக்கும். அதே மாடல் வேற பெட்டியில இருந்து எடுத்துப் போட்டாலும் சரியா ஒட்டாது. அழிஞ்சா அழிஞ்சதுதான். சீரியல் கன்சோலுக்கு மூணு வயரை வச்சு, 115200 வேகத்துல பூட் ஆவுறதைப் பாரும்பாக. பெரும்பாலான பெட்டிக்கு 3.3 வோல்ட். நீ 5 வோல்ட்டைக் குடுத்துப் பாரு, சிப்புக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா?

டிவைஸ் ட்ரீ எழுத உக்காந்தா, பக்கத்து மாடலோட டிடிஎஸ் ஃபைலைக் காப்பியடிச்சுப் பேரை மட்டும் மாத்து. ஜிபிஐஓ எண்ணைச் சரிபாக்காத. ரீசெட் பட்டனை அமுக்குனா எதுவும் நடக்காது, அமுக்காத நேரத்துல எல்லாம் நடக்கும். கமிட் மெசேஜ்ல சிப்பு எது, ரேம் எவ்வளவு, எந்த மேக் அட்ரஸ் எந்த போர்ட்டுக்கு, எப்படி ஏத்தணும், கம்பெனி ஃபர்ம்வேருக்கு எப்படித் திரும்பணும்னு எல்லாம் எழுதச் சொல்லுவாக. 'ஆட் சப்போர்ட்'னு முடிச்சிரு. கீழ சைன்டு-ஆஃப்-பைன்னு கையெழுத்து கேப்பாக. இந்தக் கோடைத் தர எனக்கு உரிமை உண்டுன்னு நீ குடுக்குற வாக்கு அது. எஸ்சிஓ கம்பெனி லினக்ஸ் மேல வழக்குப் பேசிட்டுத் திரிஞ்ச காலத்துல, 2004-ல கர்னல்காரங்க கொண்டாந்த ஏற்பாடு. எவன் எஸ்டிகேல இருந்து உருவுனதுன்னாலும் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடு, உன் கைதானே.

மெர்ஜ் ஆனதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெஸ்யூம்ல ஒட்டிட்டு ஓடிரு. மாமன் சொன்னதுல எதை மறந்தாலும் இதை மறக்காத.

ஏன்னா இருந்தேன்னா வேலை வந்துரும். 23.05 வெளியீட்டுல ஓடுனது 5.15 கர்னல். 24.10-ல 6.6. ஒவ்வொரு தடவை கர்னல் மாறும்போதும், நீங்கள்லாம் வச்சுட்டுப் போன பேட்ச்சை ஒவ்வொண்ணா எடுத்து, இன்னும் பொருந்துதா, மேல லினக்ஸ்லயே சேந்துட்டா, தூக்கி எறியலாமான்னு எவனோ பாக்கணும். பேட்ச்சுகளை பேக்போர்ட், பெண்டிங், ஹேக்குன்னு பேரெழுதித் தனித்தனியா வச்சிருக்காக. ஹேக்கை ஹேக்குன்னே எழுதி வச்ச மனுசங்க, நம்ம ஊர்ல தேடுனாலும் கிடைக்கமாட்டாக! ஏஆர்71எக்ஸ்எக்ஸ்னு பழைய டார்கெட் ஒண்ணு இருந்துச்சு. அதை விட்டுட்டு டிவைஸ் ட்ரீ உள்ள ஏடிஎச்79-க்கு மாறுனாக. கையில பெட்டி உள்ளவன் வந்து மாத்தி, ஓட்டிப் பாத்துச் சொன்ன மாடல் பொழைச்சுது. சேத்துவிட்டுப் போனவனும் வரல, வேற ஆளும் இல்லன்னா, 19.07-ஓட அந்த மாடல் கதை முடிஞ்சுது. பேரு வாங்குனவன் ரெஸ்யூம்ல இன்னமும் இருக்கு, அது வேற.

4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் உள்ள பெட்டிக்குப் புது வெளியீடு ஏன் இல்லன்னு கேட்டுத் திட்டவும் மறக்காத. ஓசியில வாங்குனதுக்குத்தான் குரல் ஓங்கி வரும்.

சண்டையும் உண்டு. 2016-ல கொஞ்சப்பேரு கோவிச்சுக்கிட்டு எல்இடிஇன்னு தனியாப் போனாக. ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு எரிஞ்ச கணக்கு. 2018 தொடக்கத்துல சேந்துட்டாக. வெளிய போனவுக வெளியீட்டு ஒழுங்கைக் கத்துக்கிட்டு வந்தாக, அதனால அந்தச் சண்டையை நான் குறை சொல்லமாட்டேன்.

இனிமே சொல்லுததுல கிண்டல் கம்மி. பேக்கேஜ் மேக்ஃபைல்ல பிகேஜி_ஹாஷுன்னு ஒரு வரி இருக்கும். வெர்ஷனை ஏத்தும்போது அதையும் மாத்துவே. ஹாஷ் பொருந்துனா நீ குறிச்ச அதே ஃபைல்தான் வந்திருக்குன்னு அர்த்தம், ஃபைல் யோக்கியமானதுன்னு இல்ல. 2024 மார்ச்ல எக்ஸ்இசட்ங்கிற, ஃபைலைச் சுருக்குற மென்பொருள் விவகாரத்துல நடந்தது அதுதான். தனியாளா களைச்சுப்போன ஒரு மெயின்டெய்னருக்கு ஒத்தாசைக்கு வந்த மாதிரி ஒருத்தன் வந்து, வருசக்கணக்கா நல்லபிள்ளையா இருந்து, ரிலீஸ் ஃபைல்ல விசத்தை வச்சான். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் சந்தேகப்பட்டதால வெளிய வந்துச்சு. அதே வருசம் டிசம்பர்ல ஓப்பன்டபிள்யூஆர்டியிலயும் ஒரு ஓட்டை. இமேஜ் கட்டிக் குடுக்குற சர்வர்ல, 64 எழுத்து ஹாஷை 12 எழுத்தா நறுக்கி வச்சிருந்தாக. வெளியாள் ஒருத்தர் சொன்னதும் மளமளன்னு அடைச்சாக. நறுக்குனதைப் பாத்து 'ஏன்?'னு கேக்க அன்னைக்கு ஒரு ஆள் கூட இருந்திருக்கலாம்.

அந்த ஆளுக்குத்தான் அங்க பஞ்சம், பேட்ச்சுக்கு இல்ல. அதனால இன்னைக்குப் புதுசா எதுவும் எழுதாத மருமவனே. பார்வைக்குக் காத்துக் கெடக்கிற பேட்ச்சுல உன் கையில உள்ள பெட்டிக்கு ஏத்ததா ஒண்ணை எடு. வரிவரியாப் படி. புரியாததைக் கேளு. பில்டு பண்ணி ஏத்தி ரெண்டு நாள் ஓடவிடு. ஓடுனா டெஸ்டட்-பைன்னு உன் பேரைப் போடு. ஓடலன்னா பூட் லாக்கை முழுசா ஒட்டு, போட்டோவா இல்ல, எழுத்தா.