பத்து நாள் வாரத்துக்கு ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகத்தின் இயக்குநர், கியூரேட்டர்கள், மற்றும் விளக்கக் குறிப்பு எழுதும் வித்வான்கள் சமூகத்துக்கு,

பேரா மாநிலத்தின் தென்கோடியில், பெர்ணம் ஆற்றங்கரையில் அமைந்த தஞ்சோங் மாலிமிலிருந்து, பால்மரத்து நிழலில் வளர்ந்த குடும்பத்தின் வாரிசும், கலை என்று எழுதி ஒட்டியிருந்தால் எதையும் கைகூப்பிப் பார்க்கும் சுபாவம் உடையவனுமாகிய அடியேன் எழுதிக்கொண்ட விண்ணப்பம். இவ்விடம் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தைத் தங்கள் நிகழ்ச்சி நிரல்களின் கனத்தைக் கொண்டே ஊகித்து மகிழ்கிறேன்.

தங்கள் மாநகரம் ஆண்டுதோறும் ஜனவரியில் கொண்டாடிவரும் கலை வாரம் 2013-இல் தொடங்கியது. 2023-இல் அது 6-ஆம் தேதி முதல் 15-ஆம் தேதி வரையிலும், 2024-இல் 19-ஆம் தேதி முதல் 28-ஆம் தேதி வரையிலும் நடைபெற்றது. ஞாயிறு தொடங்கிச் சனியில் முடியும் ஏழு நாளே ஒரு வாரம் என்று நம் முன்னோர் வகுத்துவைத்த கணக்கு கலையின் சந்நிதியில் செல்லாது என்றும், ரசிகனுக்கு வாரமாவது பத்து நாள் என்றும் தீர்மானித்த பெரியோர்களின் தாராள சிந்தையை நான் எண்ணி எண்ணி வியக்கிறேன். எங்கள் தோட்டத்துத் துரைமாரும் வாரத்தை இவ்விதம் நீட்டிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கக் கூடியவர்களே. ஆயினும் வருகைப் பதிவேடான செக்ரோலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கெழுதும் கிராணி குறுக்கே நின்றபடியால், அந்த ஆசை கலையாக மலராமல் கருகிப்போயிற்று.

2024-ஆம் ஆண்டின் அந்தப் பத்து நாளுக்குள்ளேயே, ஜனவரி 25-ஆம் தேதி, தைப்பூசமும் வந்து புகுந்துகொண்டது. சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயில் வரையில், நாவிலும் கன்னத்திலும் வேல் தரித்து, மயிற்பீலி அசையும் காவடியைத் தோளில் சுமந்து, பால்குடம் ஏந்தி, பக்தர்கள் நடந்தார்கள். உடலையே ஊடகமாகக் கொண்டதும், காண்பவனுக்கும் செய்பவனுக்கும் இடையே சுவர் இல்லாததும், நகரத்தின் வீதியையே அரங்கமாக மாற்றியதும், ஆகவே நவீன கலையின் இலக்கணங்கள் எல்லாவற்றையும் பிசகின்றிப் பூர்த்தி செய்ததுமான அந்த நிகழ்வுக்குக் கியூரேட்டர் இல்லை. கருப்பொருள் அறிக்கை இல்லை. முடிவில் கலைஞருடன் ஒரு கலந்துரையாடலும் இல்லை. இத்தனை குறைபாடுகள் உள்ள ஒன்று கலை வாரத்தின் கணக்கில் சேராமற் போனதில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்க நியாயம் இல்லை.

இனி, தங்கள் வாசஸ்தலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1996-இல், பிராஸ் பாசா சாலையில் புனித ஜோசப் பள்ளிக்கூடமாக இருந்த மாளிகையில் பிறந்து வளர்ந்த தங்கள் ஸ்தாபனம், 2022 ஜனவரியில், கெப்பல் சாலையை ஒட்டிய தஞ்சோங் பகார் துறைமுகக் கிடங்கில் தளம் பிடித்துக் கதவு திறந்தது. பிள்ளைகள் போன பிற்பாடு பள்ளிக்கூடத்துக்கும், சுமை தூக்கியவன் போன பிற்பாடு கிடங்குத் தளத்துக்கும் எழுந்தருளும் தங்கள் சமயோசிதம் போற்றத்தக்கது. மூட்டைகள் அடுக்கியிருந்த காலத்தில் வெறும் கிடங்காகவே இருந்த ஓர் இடம், மூட்டைகளும் அவற்றைத் தூக்கிய முதுகுகளும் அகன்ற மாத்திரத்தில் சௌந்தரியமாகிவிடுகிறது என்ற பேருண்மையைத் தாங்கள் உலகத்துக்கு உணர்த்தினீர்கள். அந்த உண்மை எங்களுக்கும் அந்நியமன்று. ரப்பர்த் தகடுகளைப் புகையிட்டு உலர்த்திய தோட்டத்துக் கொட்டகைகளில் கண் எரிய நின்றவர்களுக்கு அவற்றின் அழகு ஒருநாளும் புலப்பட்டதில்லை. இன்று கூரை சரிந்து, சுவரில் செடி முளைத்து நிற்கும்போதோ, புகைப்படக் கருவியோடு வருகிறவர் யாரும் அதைத் தவறவிடுவதில்லை.

தங்கள் கிடங்கு உள்ள அதே கெப்பல் சாலையிலேதான், எங்கள் ஊரைத் தொட்டுச் சென்ற இருப்புப்பாதையின் தென்கோடி நிலையமும் இருக்கிறது. 1932-இல் திறக்கப்பட்டு, 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு கடைசி ரயிலையும் வழியனுப்பிவிட்டு ஓய்ந்த அந்த நிலையத்தின் கூடத்துச் சுவரில், மலாயாவின் தொழில்களைச் சித்திரிக்கும் ஓவியங்கள் உண்டு. பால் வெட்டுவதும் அவற்றில் ஒன்று. சுவரில் மரம் சீவுகிறவன் களைப்பதும் இல்லை, கூலி உயர்வு கேட்பதும் இல்லை, மழை பெய்தால் வேலை கெடுவதும் இல்லை. அவனுக்குக் கீழே, அதே தொழிலைச் செய்துவிட்டுத் தகரப்பெட்டியும் பிள்ளையுமாக ரயிலுக்குக் காத்திருந்தவன் அண்ணாந்து பார்த்தானா, பார்த்திருந்தால் என்ன நினைத்தான் என்பதை விசாரித்து எழுத அக்காலத்தில் விளக்கக் குறிப்பு வித்வான்கள் இல்லாமற் போனது பெரிய நஷ்டம்.

2022 அக்டோபரில் தொடங்கி மறு ஆண்டு மார்ச் வரையில் நீடித்து, இடையே ஒரு கலை வாரத்தையும் விழுங்கிக்கொண்ட தங்கள் பியனாலே விழாவுக்கு, தலைப்பு எதுவும் சூட்டாமல், ‘நடாஷா’ என்று ஒரு பெண்ணின் பெயரை வைத்தீர்கள். கண்காட்சியை ஓர் ஆளாகப் பாவித்து, அவளோடு அந்நியோந்நியமாக உறவு கொள்ள வேண்டும் என்பது தாத்பரியம் என்று அறிந்து புளகாங்கிதம் அடைந்தேன். கண்காட்சிக்கு மனிதப் பெயர் கிடைத்த அந்தத் துறைமுகத்தின் வழியாகவேதான், ஒரு காலத்தில், மனிதர்கள் பெயர் தேய்ந்து எண்ணிக்கையாகக் கப்பலிலிருந்து இறங்கினார்கள் என்பதை இங்கே நினைவூட்டுவது மங்களகரமாக இராது, ஆகையால் விட்டுவிடுகிறேன். நடாஷா எங்கள் பக்கம் வந்திருந்தால் காலையில் ஆளெண்ணும் பெரட்டு இரண்டுக்குள் நடேசனாகியிருப்பாள் என்பது மாத்திரம் நிச்சயம்.

அந்த விழாவில் ஹெமன் சோங், ரெனே ஸ்டால் இருவரும் 2016 முதல் நடத்திவரும் ‘படிக்கப்படாத புத்தகங்களின் நூலகம்’ இடம்பெற்றது. வாங்கியவர் படிக்காமலே வைத்திருந்த புத்தகங்களைத் தானமாகப் பெற்று அடுக்குவது அதன் முறை. இதை மேனாட்டுப் பாணியில் புதிய கண்டுபிடிப்பாக யாரும் கருதிவிடலாகாது என்பதற்காகச் சொல்கிறேன்: மலேசியாவில் சொந்தக் காசு போட்டுத் தமிழ்ப் புத்தகம் வெளியிட்ட ஒவ்வோர் எழுத்தாளரின் கட்டிலுக்கு அடியிலும் இந்நூலகத்தின் கிளை ஒன்று நெடுங்காலமாக இயங்கிவருகிறது. பிரதிகள் ஒரே நூலின் பிரதிகளாக இருப்பதுதான் வித்தியாசம்.

ஒரு விஷயத்தில் பரிகாசத்தை ஒதுக்கிவைத்து மெய்யாகவே வணங்குகிறேன். 2023 நவம்பர் முதல் 2024 மார்ச் வரையில் தாங்கள் நடத்திய ஹோ ட்சூ நியன் அவர்களின் ‘காலமும் புலியும்’ கண்காட்சியில், 1835-இல் நில அளவை செய்துகொண்டிருந்த ஜார்ஜ் கோல்மன் துரையின் மீது புலி பாய்ந்த சம்பவத்தைக் காட்டும் பழைய ஜெர்மானியச் சித்திரம் உயிர் பெற்று எழுந்தது. அச்சித்திரத்தில் துரை இருக்கிறார், புலி இருக்கிறது, கவிழும் தியோடலைட் இருக்கிறது. அவர்களைச் சுற்றிச் சிதறி ஓடுகிறவர்கள், சாலை போடுவதற்காக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். துரையின் பெயர் தெருவுக்கும் பாலத்துக்கும் ஆயிற்று. புலி எங்கள் தேசத்துக்கே சின்னமாயிற்று. ஓடியவர்கள் இன்றும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஓடுகிறவர்களையும் கலைஞர் நின்று பார்த்தார். அந்தக் கண் தங்கள் ஸ்தாபனத்துக்கும் கொஞ்சம் தொற்றிக்கொள்ளட்டும் என்ற பேராசையினாலேயே கீழ்க்காணும் யோசனையைச் சமர்ப்பிக்கத் துணிந்தேன்.

அடுத்த கலை வாரத்தின் கிளை ஒன்றைத் தஞ்சோங் மாலிமில் நிறுவ வேண்டுகிறேன். எங்கள் ஊரில் கலைக்குரிய ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. 1922-இல் திறக்கப்பட்ட சுல்தான் இத்ரிஸ் ஆசிரியர் கல்லூரியின் முதற்கட்டடம் இப்போது தேசியக் கல்வி அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆகவே வித்தியாசாலை காட்சிசாலையாகும் வித்தையில் நாங்களும் கைதேர்ந்தவர்களே. தொடக்க விழா விருந்துக்கு எங்கள் ஊர்ப் பாவும் தே தாரிக்கும் உண்டு.

முதல் நிகழ்ச்சி, விடியற்காலை நிகழ்த்துகலை. 1877-இல் இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து, அவற்றுள் ஒன்பது எங்கள் பேராவின் கோலகங்சாருக்கு ஏறிவந்ததும், பிற்பாடு தங்கள் நகரத்துத் தாவரவியல் பூங்காவனத்து ரிட்லி துரை மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டதும் தாங்கள் அறிந்தவையே. அந்த முறையை எங்கள் பாட்டிமார் இருட்டில், நெற்றியில் விளக்குக் கட்டி, ஒரு நிரைக்கு நானூறு ஐந்நூறு மரங்களாக நிகழ்த்தினார்கள். பட்டையைச் சீவும் உளி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் மங்கில் பால் விழாது. இரண்டுக்கும் தண்டலிடம் வசவு. ஒரே சாய்வில், ஒரே கனத்தில், ஆயுள் முழுதும் கோடு வரைந்தவர்களைத் தங்கள் அகராதியில் ‘மினிமலிஸ்ட்’ என்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பேரேட்டில் ‘பெண்ணாள்’ என்று எழுதி, ஆணாளுக்குக் குறைவாகக் கூலி போட்டார்கள்.

இரண்டாம் நிகழ்ச்சியைத் தங்கள் சமூகப் பங்கேற்புத் துறை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். பார்வையாளரைப் பங்கேற்பாளராக்குவது எப்படி என்று தாங்கள் இன்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிரச்சினையை, எங்கள் ஊரில் ஒரு மேதை 1952-லேயே தீர்த்துவைத்தார். அவர் பெயர் சர் ஜெரால்டு டெம்பளர். ஹைகமிஷனராக வந்து இரண்டு மாதமும் ஆகவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதக் கடைசியில், வெட்டப்பட்ட தண்ணீர்க் குழாயைச் சீர்செய்யப் போன குழுவினர் பன்னிரண்டு பேர் காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் கொல்லப்பட்டார்கள். டெம்பளர் வந்தார், ஊரை ஏசினார், நாளொன்றுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு விதித்தார், அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார். ரசிகர்களை இவ்வாறு அரங்கத்தினுள் உட்காரவைத்த பிறகு, வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்து, பெயர் எழுத வேண்டாம், தெரிந்ததை எழுதினால் போதும் என்றார். நிரம்பிய படிவங்கள் பூட்டிய பெட்டிகளில் கோலாலம்பூருக்குச் சென்று, ஊர்ப் பிரதிநிதிகளின் முன்னிலையில் அவர் கையாலேயே திறக்கப்பட்டன. இடம் சார்ந்தது, காலம் சார்ந்தது, வீடு தவறாமல் பங்கேற்றது, பெயரற்ற குரல்களின் ஆவணக் காப்பகம் ஒன்றைத் தோற்றுவித்தது! இதற்கு நிகரான பங்கேற்புக் கலை உலகத்துப் பியனாலே எதிலாவது உண்டா? வெளியே செல்ல அனுமதியில்லை என்ற ஒரே நிபந்தனையைத் தாங்கள் ஏற்றுக்கொள்வீர்களானால், வருகையாளர் எண்ணிக்கை பற்றிய கவலை என்றென்றைக்கும் தீர்ந்தது.

இந்நிகழ்ச்சிகளுக்கு மானியம் ஏதும் கேட்கவில்லை. மூன்று சிறு சலுகைகள் போதும். விளக்கக் குறிப்பை எழுதுமுன், அதில் வரும் தொழிலைச் செய்தவர் யாரையேனும் கேட்டு எழுதவேண்டும். எழுதியதை அவருக்குத் தெரிந்த மொழியில் அவரிடமே படித்துக்காட்டவேண்டும். படித்துக்காட்டும்போது அவர் சிரித்தால், அந்த வாக்கியத்தை எடுத்துவிடவேண்டும். மூன்றாவது நிபந்தனையினால் சுவர்களில் பெரும்பகுதி காலியாகிவிடும் என்று அஞ்சவேண்டாம். வெறுமையான சுவரும் தங்களிடம் கலையாகவே மதிக்கப்படும்.

கடைசியாக, அயலார் என்ற பாத்தியத்தில் ஓர் எச்சரிக்கை. தங்கள் நகரத்துத் துறைமுகம் கொஞ்சம் கொஞ்சமாகத் துவாஸுக்கு இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது என்றும், காலியாகும் கடற்கரை நிலமெல்லாம் புதிய நகர விஸ்தரிப்புக்கு என்று திட்டம் வகுத்திருக்கிறார்கள் என்றும் அறிகிறேன். எங்கள் தோட்டங்களிலும் இப்படித்தான் ஆரம்பித்தது: முதலில் வரைபடம் வந்தது, பிறகு அளவைக்காரர் வந்தார், பிறகு, தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்தவர்களுக்குக் கடிதம் வந்தது. துண்டாடித் தோட்டங்களை விற்கத் தொடங்கிய அக்காலத்தில், 1960-இல், சுங்கை சிப்புட்டுக்காரரான துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தி, தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டங்களை வாங்கிக் கொஞ்சம் காப்பாற்றினார். கிடங்கில் குடியிருக்கும் தங்கள் கியூரேட்டர்களும் இப்போதே ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி சேர்த்துவைப்பது விவேகம். இல்லையேல், வீட்டைக் காலி செய்யும் கலையில் மூன்று தலைமுறை அப்பியாசம் உள்ளவர்கள் எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். கடிதம் வந்ததும் சொல்லியனுப்பினால், வந்து ஒரு பயிலரங்கு நடத்திக் கொடுப்பார்கள்.

இங்ஙனம்,
தங்கள் விதேயன்,
தஞ்சோங் மாலிம் ரசிகன்