நூறு ராத்திரியும் ஒரு நட்சத்திரக் குறியும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெத்தையைப் பற்றியவை. தள்ளுபடி சீசன் முடிந்து நாடே ஏதோ ஒன்றைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறது போலிருக்கிறது. அரசியல், சினிமாக் கேள்விகள் அடுத்த இதழில்.

புதுமாப்பிள்ளை, ஈரோடு
'நூறு இரவு தூங்கிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ்' என்கிறார்களே, அவர்களுக்குக் கட்டுப்படியாகுமா? ஏதாவது சூது இருக்கிறதா?

சூது இல்லை. மனித சுபாவத்தின் மேல் வைத்த நம்பிக்கை. பிடிக்காத வேலையில் இருபது வருஷம் ஓட்டுகிற ஜனங்கள், பிடிக்காத மெத்தையில் ஓட்ட மாட்டார்களா என்ன? திருப்பி அனுப்புவதென்றால் போன் போட வேண்டும், படம் எடுத்து அனுப்ப வேண்டும், எடுக்க வருகிற ஆளுக்காக லீவு போட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளே 'சரி, பழகிடும்' என்று நம் வாயே சொல்லிவிடும்.

கடையில் படுத்துப் பார்க்க முடியாத குறையை ஈடுகட்ட அமெரிக்க ஆன்லைன் மெத்தைக் கம்பெனிகள் சுமார் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பிரபலப்படுத்திய ஏற்பாடு இது. நம் ஊர்க் கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'நூறு இரவு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தின் அடிக்குப் போங்கள். நூறு என்பதை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், மெத்தை வந்த நாளிலிருந்தா, பணம் கட்டிய நாளிலிருந்தா? கம்பெனியின் சொந்தத் தளத்தில் வாங்கினால் மட்டும்தானா, அமேசான், ஃபிளிப்கார்ட் வழியாக வாங்கினாலும் செல்லுமா? குறைந்தபட்சம் இத்தனை இரவு படுத்த பிறகுதான் திருப்ப முடியும் என்று இருக்கிறதா? ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதானா? எடுத்துப் போகிற செலவு யாருடையது? இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள். இரண்டாவது கேள்வியில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். அதே மெத்தை இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று வேறு தளத்தில் வாங்குவார்கள். அங்கே அந்தத் தளத்தின் சொற்ப நாள் கெடுதான் பேசும், நூறு ராத்திரி வாய் திறக்காது.

சட்டம் படிக்காதவன், மதுரை
ஆன்லைனில் வாங்கிய எதையும் ஏழு நாளுக்குள் திருப்பித் தரச் சட்டம் இருக்கிறது என்கிறார் என் மைத்துனர். உண்மையா?

மைத்துனர் எந்த நாட்டில் இருக்கிறார்? ஐரோப்பிய ஒன்றியத்தில் என்றால் அவர் சொல்வதைவிடக் கூடுதலாகவே உண்டு: காரணம் சொல்லாமல் திருப்ப 14 நாள். இந்தியாவில் 'மனசு மாறிவிட்டது' என்பதற்காக வாங்கியதைத் திருப்பும் பொது உரிமை கிடையாது. அது விற்கிறவர் மனமுவந்து தருகிற சலுகை. எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை.

ஆனால் குறையுள்ள பொருள் என்றால் கதையே வேறு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலும், சொன்ன தேதிக்கு வராமல் தாமதமாக வந்தாலும் விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. (புயல் வெள்ளத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு.) 'லேட்டக்ஸ் மெத்தை' என்று விற்று, உறையைத் திறந்தால் மேலே ஒரு விரல் கனம் லேட்டக்ஸும் கீழே முழுக்க சாதா ஃபோமும் இருந்தால், 'நோ ரிட்டர்ன்' என்று பில்லில் சிவப்பு மையில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: பழுதான பொருளை பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். ஆகவே பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஐரோப்பா என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியில் ஒருவர் ஆன்லைனில் ஆயிரம் யூரோவுக்கு மேல் கொடுத்து மெத்தை வாங்கி, மேலே சுற்றியிருந்த பாதுகாப்பு பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு, பிறகு வேண்டாம் என்றார். 'உரித்தால் போச்சு, சுகாதாரக் காரணத்தால் திருப்ப முடியாத பொருள் இது' என்றது கடை. வழக்கு ஏறி ஏறி லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2019 மார்ச்சில் தீர்ப்பு: மெத்தை என்பது துணி மாதிரி. துணியைப் போட்டுப் பார்த்துத் திருப்பலாம் என்றால் மெத்தையையும் திருப்பலாம், சுத்தம் செய்து மறுபடி விற்றுக்கொள்ளலாம். நீதிபதிகள் காட்டிய உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஹோட்டலில் ஒரே மெத்தையில்தானே ஒருவர் மாற்றி ஒருவர் படுக்கிறார்கள்?

இதை எடுத்துக்கொண்டு நம் ஊர்க் கம்பெனியோடு மல்லுக்கு நிற்க முடியாது. மைத்துனரோடு நிற்கலாம்.

தேக்குக் கட்டில், காரைக்குடி
தாத்தா காலத்துக் கட்டில். அளந்து சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தேன். மெத்தை உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. 'கஸ்டம் சைஸ் திரும்ப எடுப்பதில்லை' என்கிறார்கள். இது நியாயமா?

கட்டிலை வெளிப்பக்கமாக அளந்திருப்பீர்கள். கட்டைக்கு ஆளுக்கு ஒன்றரை இஞ்ச் கனம் இருக்கும், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மூன்று. நீங்கள் சொன்ன அளவுக்கே மெத்தை வந்திருந்தால் குறை மெத்தையில் இல்லை, டேப்பைப் பிடித்த கையில்தான். உங்கள் அளவுக்கென்று வெட்டிய மெத்தையை அவர்கள் வேறு யார் தலையில் கட்டுவார்கள்? அதனால்தான் ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளும் இதற்கு நூறு இரவுச் சலுகை தருவதில்லை. கம்பெனிகளின் ஆயத்த அளவு 78-க்கு 60, 72-க்கு 48 என்று போகிறது. அந்தக் கால ஆசாரிகளின் கட்டில் அந்த அட்டவணைக்குள் அடங்காது. மூலைக்கு மூலை சதுரமாகக்கூட இருக்காது.

அடுத்த முறை உள்பக்கம் அளங்கள். தலைமாடு, நடு, கால்மாடு என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததை எடுத்து, அதிலும் அரை இஞ்ச் கழித்துச் சொல்லுங்கள். அடியில் சொல்லாமல் இஞ்சில் எழுதிக் கொடுங்கள். 'ஆறேகாலுக்கு நாலு' என்று போனில் சொல்லி வாங்கிய வம்புக்கு ரிட்டர்ன் கிடையாது. அரை இஞ்ச், ஒரு இஞ்ச் கூடக்குறைய வந்தால் அது பழுதில் சேராது என்று பல கம்பெனிகள் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, தாம்பரம்
வரும்போது அகலமில்லாத ஒரு பெட்டியில் சுருட்டி வந்தது. பிரித்ததும் அறை முழுக்க ஊதிக்கொண்டது. திருப்ப வேண்டுமென்றால் மறுபடி அந்தப் பெட்டிக்குள் எப்படி அடைப்பது?

அடைக்க முடியாது. தொழிற்சாலையில் மெஷினால் நசுக்கி, காற்றை உறிஞ்சி, சுருட்டி அனுப்பியது அது. நீங்களும் எதிர்வீட்டுப் பையனும் மேலே ஏறி உட்கார்ந்தால் மெத்தை கொஞ்சம் சிரிக்கும், அவ்வளவுதான். 'வந்த பெட்டியிலேயே திருப்பித் தர வேண்டும்' என்று யாராவது சொன்னால், அந்த வரியை விதிகளில் காட்டச் சொல்லுங்கள்.

பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்து வைப்பது நல்லது. முழுதாக உப்ப ஒன்றிரண்டு நாள் ஆகும். முதல் நாள் அடிக்கிற ரசாயன வாடையும் காற்றாட விட்டால் போகும். இந்த இரண்டையும் வைத்துப் 'பழுது' என்று புகார் எழுதினால் எடுபடாது. எடுத்துப் போக ஆள் வரும்போது படம் எடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டோ எஸ்எம்எஸ்ஸோ வந்த பிறகு மெத்தையைப் படி இறக்க விடுங்கள். வேனில் ஏறிய மெத்தைக்கு சாட்சி கிடையாது.

காப்பிப் பிரியை, கும்பகோணம்
பத்து வருஷ வாரண்டி இருக்கும்போது திருப்பித் தரும் விதிகளை ஏன் படிக்க வேண்டும்?

பத்து வருஷ வாரண்டிக்கு உங்கள் சுகம் தெரியாது, தயாரிப்புப் பழுது மட்டும்தான் தெரியும். மெத்தை 'ரொம்ப மெத்து', 'ரொம்பக் கட்டை' என்பதற்கெல்லாம் வாரண்டி அசையாது. நடுவில் குழி விழுந்தால் அசையும், அதுவும் யாரும் படுக்காதபோது அளந்து இத்தனை இஞ்ச் ஆழம் இருந்தால். கூடவே ஒரு நிபந்தனை: கறை இருந்தால் வாரண்டி ரத்து என்று பெரும்பாலானவர்கள் எழுதியிருப்பார்கள். டிகிரி காப்பி, தேங்காய் எண்ணெய்த் தலை, பேரனின் நடுராத்திரித் திருவிளையாடல், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். முதல் நாளே நீர் புகாத உறை ஒன்றைப் போட்டுவிட்டுப் பிறகு காப்பி குடியுங்கள்.

இடுப்பு பிடித்தவர், நாகர்கோவில்
வந்த முதல் ராத்திரியே முதுகு வலி. உடனே திருப்பிவிடட்டுமா?

ஒரு ராத்திரியில் உங்கள் முதுகு சொல்வதை நம்பாதீர்கள், பழைய மெத்தையின் பள்ளத்துக்கு அது பழகியிருக்கும். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரைக் கடினமான மெத்தையிலும் நடுத்தரக் கடினமுள்ள மெத்தையிலும் படுக்க வைத்துப் பார்த்த ஆய்வு 2003-இல் 'லான்செட்' இதழில் வந்தது. 90 நாள் கழித்து நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. 'இடுப்பு வலியா, பலகை மாதிரி மெத்தை வாங்கு' என்று ஊரே சொல்வதைக் கேட்டு வாங்கியிருந்தால், சலுகைக் காலம் இருக்கும்போதே யோசியுங்கள். சில வாரம் பாருங்கள், வலி கூடினால் டாக்டரைப் பாருங்கள். கெடு முடியும் தேதியை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.

மாமியார், போடி
எங்கள் ஊர் இலவம்பஞ்சு மெத்தையில் இந்த வில்லங்கம் எல்லாம் உண்டா?

இல்லை அம்மா. பஞ்சு கட்டி தட்டினால் பிரித்து, வெயிலில் போட்டு, அடித்து, புது உறையில் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். திருப்பி அனுப்பும் பேச்சே கிடையாது. வெயிலில் தூக்கிப் போடும் வேலை மட்டும் மருமகள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைக்கு வராத பணம், வேலூர்
மெத்தை போய் ஒரு மாதம் ஆகிறது. 'ரீஃபண்ட் ப்ராசஸ் ஆகிறது' என்றே சொல்கிறார்கள். 'நோ காஸ்ட் இஎம்ஐ' வேறு ஓடுகிறது.

இலவம் மெத்தையை விட்டு ஃபோமுக்கு வந்தும் இலவு காத்த கிளியாகவே இருக்கிறீர்களே! போனில் கெஞ்சுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு மின்வணிக நிறுவனத்துக்கும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் பெயரும் முகவரியும் தளத்திலேயே இருக்க வேண்டும். அவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வேலூரிலேயே வழக்குப் போடலாம், ஆன்லைனிலும் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

பணம் வந்து சேரும்வரை தவணையைக் கட்டிக்கொண்டே இருங்கள், நிறுத்தினால் வங்கிக்கு உங்கள் மெத்தைக் கதை தெரியாது. வட்டி மேல் போட்ட ஜிஎஸ்டியும் ப்ராசஸிங் கட்டணமும் பெரும்பாலும் திரும்ப வராது. 'நோ காஸ்ட்'டுக்கு அது காஸ்ட்.

அவசரக்காரர், திருச்சி
கூகுளில் தேடிய கஸ்டமர் கேர் எண்ணில் ஒருவர் அன்பாகப் பேசினார். பணம் திருப்பி அனுப்ப யுபிஐ பின் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது! பணம் வாங்கப் பின் தேவையில்லை. கொடுத்துவிட்டீர்களென்றால் இதை மடித்து வைத்துவிட்டு 1930-க்குப் போன் போடுங்கள்.

யோசனைக்காரர், திருவண்ணாமலை
இன்று எனக்கு 97-வது இரவு. மெத்தை முழு திருப்தி இல்லை. திருப்புவதா, வைத்துக்கொள்வதா? தங்கள் பதிலைப் பார்த்து முடிவெடுப்பதாக இருக்கிறேன்.

உங்கள் கடிதம் சாதாரணத் தபாலில் வந்தது. எங்கள் கைக்கு வந்து, அச்சேறி, உங்கள் ஊர்க் கடைக்கு இந்த இதழ் வருவதற்குள் மூன்று வாரம் ஓடியிருக்கும். மெத்தை பழகிவிட்டதா?